ரேஷன் கோதுமை பிஸ்கட்டும் என் கணக்கு நோட்டும்

வீட்டிலேயே பிரெட் சுட்டால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ சோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். வவுச்சர் இல்லாத செலவை ஒப்புக்கொள்ள மனசு வராது. அதனால் வீட்டுப் பிரெட்டுக்கும் வவுச்சர் போட்டேன். மைதா 250 கிராம், 13 ரூபாய். பால் 7. வெண்ணெய் 20 கிராம், 12. ஈஸ்ட், சர்க்கரை, உப்பு எல்லாம் சேர்த்து 4. கரண்ட் ஏறக்குறைய 4. ஆக 40 ரூபாய். எங்கள் தெருமுனையில் 400 கிராம் பிரெட் 45 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதுவும் ஸ்லைஸ் போட்டு. மாவு பிசைந்து, உப்பவைத்து, உருட்டி, மறுபடி உப்பவைத்து, சுட்டு, ஆறவைத்து வெட்ட இரண்டரை மணி நேரம் ஆகும். அதற்குக் கூலி ஐந்து ரூபாய். எந்த யூனியன்காரரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்படியானால் உன் வீட்டு அடுக்களையில் 19 லிட்டர் ஓ.டி.ஜி. கரண்ட் அடுப்பு எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறது என்று கேட்பீர்கள். என் அம்மாவும் அதைத்தான் கேட்டாள். "இன்னாத்துக்குடா இது? ஞாயித்துக்கெழமையானா ஆம்பளப் புள்ள மாவு பெசைஞ்சிக்கினு கீறான்னு தெருவே பேசுது." தெரு அப்படியெல்லாம் பேசவில்லை. பேசியது அம்மாதான், எதிர்வீட்டு அக்காவிடம், எனக்குக் கேட்கிற மாதிரி.

பதில் நோட்டின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் தலைப்பு 'முனைக்கடை'.

எங்கள் வீடு காங்கேயநல்லூரில். வாரியார் சுவாமிகள் பிறந்த ஊர் என்று சொன்னால் பெரியவர்களுக்குத் தெரியும், காட்பாடிக்குப் பக்கத்தில் என்றால் மற்றவர்களுக்குத் தெரியும். மனைவி ஸ்டாஃப் நர்ஸ், ஷிஃப்ட் வேலை. பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் எல்.கே.ஜி. அப்பா போன பிறகு அம்மா ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முனைக்கடையில் ஆளுக்கொரு தின்பண்டப் பாக்கெட். ஆயாவை, அதாவது என் அம்மாவைக் கெஞ்சினால் இன்னொன்று. மனைவிக்கு ஈவினிங் டூட்டி இருக்கிற நாளில் சமையல் முடிகிறவரை வாயை அடைக்க நானே ஒன்று. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று சில்லறையாகப் போவதால் கண்ணில் படாது. ஒரு மாதம் முழுக்க எழுதிவைத்துக் கூட்டியதில் 1,300 ரூபாயை ஒட்டி வந்தது. எங்கள் மாதாந்திர மளிகை பில்லில் கால்வாசி அது. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று எல்லாவற்றிலும் பேரம் பேசிவிட்டு இந்த ஓட்டையைத் திறந்து வைத்திருந்தோம். அந்த ஐந்து ரூபாய் பாக்கெட்டின் விலை ஏறுவதே கிடையாது, எடைதான் இறங்கிக்கொண்டே வருகிறது. பின்பக்கம் திருப்பி கிராம் கணக்கைப் பாருங்கள், புரியும்.

ஆக, சிக்கனம் பிரெட்டில் இல்லை, சாயங்காலம் நாலரை மணிக்கு இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டு டப்பாவில் ஏதாவது இருந்தால் கால் முனைக்கடைப் பக்கம் போகாது. எங்கள் பேக்கிங் மொத்தமும் இந்த ஒரு டப்பாவை நிரப்பி வைக்கிற வேலைதான். போட்டோ எடுக்கிற மாதிரி எதுவும் வராது.

இனி பிஸ்கட். இதைத்தான் நீளமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் கணக்கு சரியாக வருவது இதில்தான்.

மாவு ரேஷன் கோதுமை. அரிசி கார்டுக்கு அரிசிக்குப் பதிலாகக் கொஞ்சம் கோதுமை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். பலபேர் வாங்குவதில்லை, வாங்கினாலும் மாட்டுக்கு வைக்கிறார்கள். கல்லும் தூசியும் இருக்கும் என்பது உண்மை. அம்மா முறத்தில் புடைத்து, இரண்டு தண்ணீரில் கழுவி, மாடியில் வேட்டி விரித்துக் கொட்டிவிடுவாள். வேலூர் வெயிலுக்கு அரை நாள் போதும், மத்தியானமே கடித்தால் 'டக்' என்று உடையும். அரைக்கக் கொடுப்பதில்தான் சூட்சுமம். மாவு மெஷினில் நமக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். மிளகாய்த்தூள் அரைத்த கையோடு நம் கோதுமையைக் கொட்டினால் அந்த மாதம் முழுக்கப் பிஸ்கட்டில் காரம் தெரியும். காலையில் கடை திறந்ததும், அரிசி மாவுக்கோ கோதுமைக்கோ பின்னால் நம் தூக்கு நிற்க வேண்டும். எங்கள் மெஷின்காரர் என்னைக் கண்டாலே, "பிஸ்கட்டா? கொஞ்சம் நில்லு, மஞ்சத்தூளு போய்க்கினு கீது" என்பார்.

சர்க்கரையும் ரேஷன்தான், கிலோ 25 ரூபாய். பரல் பெரிதாக, சில மாதம் கொஞ்சம் ஈரமாக வரும். ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து எடுத்து மிக்ஸியில் பொடித்துக்கொள்கிறேன். மிக்ஸி அரசாங்கத்து மிக்ஸி, 2011இல் தொடங்கின இலவசத் திட்டத்தில் அம்மாவுக்கு வந்தது. சட்னி அரைக்கத் திணறும், சர்க்கரை பொடிக்க மட்டும் அதை மிஞ்ச ஆளில்லை.

நெய் எங்கள் வீட்டுப் பாலேடு. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டைக் காய்ச்சி ஆறவைத்து, குளிர்ந்த பிறகு மேலே நிற்கிற ஏட்டை ஒரு டப்பாவில் சேர்த்து ஃபிரீசரில் வைக்கிறோம். டப்பா நிறைந்ததும் ஒரு ஸ்பூன் தயிர் கலந்து ஒரு ராத்திரி வெளியே வைத்து, மறுநாள் ஐஸ் தண்ணீர் விட்டுக் கடைந்தால் வெண்ணெய், உருக்கினால் நெய். இந்த நெய்க்கு என்ன விலை போடுவது என்று எனக்கும் மனைவிக்கும் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. "பால் குடிக்கத்தானே வாங்கறோம், ஏடு ஓசிதானே" என்பது அவள் கட்சி. துணைப்பொருளான ஏட்டுக்கும் ஒரு மதிப்பு வைத்துப் பால் செலவில் கழிக்க வேண்டும் என்பது என் கட்சி. "என்னங்க, பிஸ்கட்டுக்குமா காஸ்ட் ஷீட்?" என்று எழுந்து போய்விடுவாள்.

அளவு: கோதுமை மாவு 120 கிராம், கடலை மாவு 20 கிராம், பொடித்த சர்க்கரை 65 கிராம், நெய் 80 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய். மாவை நைஸ் சல்லடையில் சலித்துத் தவிட்டைத் தனியே எடுத்துவிட வேண்டும், அது சப்பாத்தி மாவோடு போய்ச் சேரும். நெய் உருகியிருக்கக் கூடாது, உறைந்த பதத்தில் இருக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோகலாம். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை வேலூரில் நெய் உறைந்து நான் பார்த்ததில்லை. அதனால் நெய்யைக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற பதத்தில் எடுத்து, சர்க்கரையோடு சேர்த்து வெளுப்பாக வருகிறவரை கரண்டியால் அடிக்க வேண்டும். பிறகு மாவைக் கொட்டி, பிசையாமல், விரல் நுனியால் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் பிஸ்கட் கல்லாகிவிடும், கோதுமையில் இருக்கிற பசை அப்படி. பிடித்த மாவையும் இருபது நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் தட்டில் வைத்த உருண்டை அடுப்புக்குள் போவதற்கு முன்பே பரந்துவிடும்.

சின்ன எலுமிச்சை அளவுக்கு உருட்டித் தட்டுவது பெரியவள் வேலை. நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி வைப்பது சின்னவன் உரிமை. அதை வேறு யாரும் தொட்டால் ஊரைக் கூட்டுவான். அடுப்பை முன்னதாகவே சூடாக்கி, 165 டிகிரியில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிஷம். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளிவிடக் கூடாது. ஆற ஆறத்தான் இறுகும்.

கோதுமை மாவில் பாதிக்குப் பதில் கேழ்வரகு மாவு போட்டும் செய்கிறேன். எங்கள் பக்கத்தில் கேவுரு என்றால் களி, அதைத் தாண்டி யோசிக்க அம்மாவுக்கு ரொம்ப நாளாயிற்று. மாவைப் பச்சை வாசனை போகிறவரை வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்துச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் மண் மாதிரி ஒட்டும். இதற்கு மண்டித் தெருவில் வாங்கின வெல்லத்தைத் துருவிப் போட்டால் நிறமும் மணமும் நன்றாக இருக்கும். ஆனால் வெல்லம் ஈரத்தை இழுக்கும், நாலு நாளில் பிஸ்கட் நமுத்துவிடும். எங்கள் வீட்டில் நாலு நாள் எதுவும் தங்காததால் அது ஒரு பிரச்சினையாக ஆனதில்லை.

இனி காஸ்ட் ஷீட். ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்குச் சற்று அதிகமாக பிஸ்கட் வரும். மாவு அரைகூலி, கடலை மாவு, சர்க்கரை, பேக்கிங் பவுடர், கரண்ட் எல்லாம் சேர்த்து 12 ரூபாய்க்குள். நெய்யை மனைவி சொல்கிறபடி ஓசி என்று வைத்தால் அவ்வளவுதான் செலவு. என் கட்சிப்படி நெய்க்குக் கடை விலை வைத்தால் அறுபதைத் தாண்டும். வேலூர் பேக்கரிகளில் நல்ல நெய் பிஸ்கட் கால் கிலோ 80 ரூபாய்க்குக் குறைவாக நான் வாங்கினதில்லை. எந்தக் கட்சி ஜெயித்தாலும் பிஸ்கட்டில் லாபம்தான்.

கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. என் அடுப்பு 1,300 வாட். தெர்மோஸ்டாட் நடுநடுவே அணைந்து எரிவதால் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் அளவில்தான் மீட்டர் நகர்கிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் நடுவில் இருக்கிற சலுகை விலையும் போய்விடும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு கேக் சுடப்போய் 501 ஆனால், அந்தக் கேக்குக்கு விலை வேறு.

அடுப்பு சூட்டை வீணாக்காமல் இருக்க ஒரு முறை வைத்திருக்கிறேன். அதைக் கற்றது ஒரு பேக்கரி பாயிடம். நான் சின்னப் பையனாக இருந்தபோது தீபாவளிக்கு முன்னால் மைதா, சர்க்கரை, டால்டா எல்லாம் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய் பேக்கரியில் கொடுத்தால், கூலிக்கு பிஸ்கட் போட்டுத் தருவார்கள். தகர டின்னும் நாமே கொண்டுபோக வேண்டும். டின்னில் பேர் எழுதின சீட்டு ஒட்டிவிட்டு வரிசையில் நிற்போம். விறகு அடுப்பு. காலையில் அடுப்பு சீறிக்கொண்டு இருக்கும்போது பிரெட்டும் பன்னும் உள்ளே போகும். தணல் இறங்கின பிறகு பிஸ்கட். கடைசியில், சாயங்காலம், அடுப்பு சும்மா கதகதப்பாக இருக்கும்போது பிரெட் துண்டுகளை அடுக்கி மூடிவிட்டுப் போவார், மறுநாள் காலையில் ரஸ்க். ஒரே சூட்டில் மூன்று வியாபாரம்.

என் அடுப்பிலும் அதே வரிசைதான். ஞாயிற்றுக்கிழமை முதலில் 190 டிகிரியில் பன். அது வெளியே வந்ததும் 165க்கு இறக்கி பிஸ்கட், இரண்டு தட்டு. கடைசியில் 120க்கு இறக்கி, வாரம் முழுக்க மீந்துபோன பிரெட் ஓரங்களையும் பழைய பன் துண்டுகளையும் அடுக்கி, நாற்பது நிமிஷம் கழித்து அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் விட்டுவிடுவேன். ரஸ்க் தானாகக் காய்ந்துவிடும். மூன்றுக்கும் தனித்தனியாக அடுப்பைச் சூடாக்கினால் ஆகிற செலவு மிச்சம். அம்மா தினமும் காலையில் டீயில் தோய்த்துச் சாப்பிடுவது அந்த ரஸ்க்தான், ஆனால் அடுப்பைப் பற்றிய அவள் கருத்து இன்னும் மாறவில்லை.

கேக் மட்டும் அம்மாவின் ராஜ்ஜியம். ஓ.டி.ஜி. வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் குக்கர் கேக் உண்டு. பழைய ஐந்து லிட்டர் குக்கர், கேஸ்கட்டும் விசிலும் கழற்றி வைத்தது, உள்ளே தண்ணீர் கிடையாது. அடியில் ஒன்றரை டம்ளர் தூள் உப்பு பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு, அதன்மேல் கேக் டின். மணலில் மல்லாக்கொட்டை வறுக்கிற மாதிரிதான் இதுவும் என்று நான் விளக்கினதும் அம்மா ஒரே நொடியில் பிடித்துக்கொண்டாள். "அப்ப மணலே போடேன்" என்றாள். பாலாற்றில் மணல் இருந்த காலத்து ஆள். இப்போது நல்ல மணலுக்கு நான் எங்கே போவது, எல்லாம் லாரி ஏறிப் போயிற்று. உப்புதான். ஒரு தடவை போட்ட உப்பைத் திரும்பத் திரும்பக் கேக்குக்கே வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு ஆகாது.

கேக்குக்கு முட்டை வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள், வெள்ளிக்கிழமையிலும் சாப்பிடலாமாம். ஒரு கப் கெட்டித் தயிரில் அரை டீஸ்பூன் சோடா மாவும் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் கலந்து ஐந்து நிமிஷம் விட்டால் தயிரின் புளிப்புக்குப் பொங்கி நுரைக்கும். அதில் முக்கால் கப் பொடித்த சர்க்கரை, அரை கப் எண்ணெய், ஒன்றரை கப் சலித்த கோதுமை மாவு. எண்ணெய் ரேஷன் பாமாயில்தான், லிட்டர் 25 ரூபாய். வாசனை இல்லாததால் கேக்குக்கு அதுதான் தோது. செக்கில் ஆட்டின கடலெண்ணெய் ஊற்றினால் கேக் பிரமாதமான வடைபோல மணக்கும். எனக்குப் பிடிக்கும், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். தோல் கறுத்த மோரிஸ் வாழைப்பழம் இரண்டு மசித்துப் போட்டால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம், தயிரிலும் கால் கப் குறைக்க வேண்டும். சாயங்காலம் கடை மூடுகிற நேரத்தில் தள்ளுவண்டிக்காரரிடம் கேட்டால் அந்தப் பழத்தைச் சீப்பு பத்து ரூபாய்க்குத் தள்ளிவிடுவார். குக்கரை மிதமான தீயில் பத்து நிமிஷம் சூடாக்கிவிட்டு, டின்னை இறக்கி, சின்ன பர்னரில் சிம்மில் நாற்பது நாற்பத்தைந்து நிமிஷம். துடைப்பக் குச்சி குத்திப் பார்த்து ஒட்டாமல் வந்தால் ஆயிற்று. கேஸ் ஐந்தாறு ரூபாய்க்கு மேல் போகாது.

சித்திரை பிறந்தால் கதை மாறிவிடும். இந்த ஊரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. ஏப்ரலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கையை வைக்க முடியாத சூட்டில் வரும். செய்முறைகளில் எல்லாம் 'வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைக்கவும்' என்றுதான் போட்டிருக்கும், அது ஊட்டிக்காரர்களுக்கு. நான் பானைத் தண்ணீரில் கரைக்கிறேன். டிசம்பரில் ஒன்றேகால் மணி நேரம் எடுக்கிற மாவு, ஏப்ரலில் நாற்பது நிமிஷத்தில் இரண்டு மடங்கு ஆகிவிடும், மறந்தால் புளித்துவிடும். ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்ததும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைக்காவிட்டால் இந்த வெயிலுக்குச் சீக்கிரமே செத்துவிடும். அரைக் கிலோ பாக்கெட்டாக வாங்கினால் கிராம் விலை ரொம்பக் குறைவு. ஆனால் ஒரு வீட்டுக்கு அது ரொம்ப அதிகம், அதனால் தெருவில் மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம்.

கத்திரி வெயில் தொடங்கினால் அடுப்பை மூடித் துணி போட்டுவிடுவேன். அந்த இரண்டு மாத பில் எப்படியும் 500ஐ ஒட்டித்தான் நிற்கும், ஏர் கூலரும் ஃபிரிட்ஜும் மூச்சுவிடாமல் ஓடும். அடுக்களையில் இன்னொரு நெருப்பை யார் தாங்குவது? அப்போது அடுப்பு மாடிக்குப் போய்விடுகிறது. அரிசி வடாம், மோர் மிளகாய், கத்தரிக்காய் வத்தல். கத்தரிக்காய் என்றால் எங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வருவதற்கு முன்னாலிருந்தே அம்மாவுக்கு அதைத் தவிர வேறு கத்தரிக்காய் கண்ணில் படாது. ஆந்திரா பக்கத்திலிருந்து தக்காளி வந்து குவிந்து கிலோ பத்து, பன்னிரண்டுக்கு விழுகிற வாரத்தில் பத்து கிலோ வாங்கித் தொக்கு. பிள்ளைகளின் டப்பாவுக்கு மாம்பழத் தாண்ட்ரா. சித்தூர் எல்லையில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பேரைச் சொல்லித்தர வேண்டாம். நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, கொஞ்சம் வெல்லம் சேர்த்து, நெய் தடவின தட்டில் மெல்லிசாக ஊற்றி வெயிலில் வைக்க வேண்டும். காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு. மேலே ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினால் ஈ வராது. மூன்று நான்கு பூச்சு ஏறினதும் சுருட்டி வெட்டிவிடலாம். கரண்டும் இல்லை, கேஸும் இல்லை. செலவு பக்கத்தில் பழமும் வெல்லமும் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பன்னுக்கு வருகிறேன். பிரெட்டுக்குச் சொன்ன கணக்கு பன்னுக்கும் பொருந்தும், அதில் மிச்சம் எதுவும் கிடையாது. ஆனாலும் விடுவதில்லை. மனைவி நைட் டூட்டி முடித்து எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தால், பன்னிரண்டு மணி வரைக்குமாவது வீடு சத்தமில்லாமல் இருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளை மூன்று மணி நேரம் கத்தாமல் வைத்திருக்க டிவியைவிட நல்ல வழி ஒன்று உண்டென்றால் அது ஈஸ்ட் மாவு. ஆளுக்கொரு உருண்டை கொடுத்தால் ஆமை, பாம்பு, கோட்டை அகழியில் இருந்த முதலை என்று என்னவோ செய்வார்கள். உப்புகிறதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள், அதுவும் கிசுகிசுத்துக்கொண்டு, ஏனென்றால் சத்தம் போட்டால் மாவு அமுங்கிவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெரியவளுக்கு இதில் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. தம்பியிடம் காட்டிக்கொடுக்காமல் இருக்க வாரா வாரம் ஒரு பன் அதிகமாக வாங்கிக்கொள்கிறாள். நோட்டில் அந்தப் பக்கத்தில் வரவு பத்தியை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் கோடு போட்டு விட்டிருக்கிறேன்.

டிசம்பரில் தெருவே பேக்கரி. மருத்துவமனை வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்து தங்கின குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் அதிகம், கேரளாக்காரர்கள், வடகிழக்கிலிருந்து வந்தவர்கள். ஒருவர் வீட்டில் பிளம் கேக், ஒருவர் வீட்டில் கல்கல், அம்மா பங்குக்கு அச்சு முறுக்கு. என் பங்கு டூட்டி ஃபுரூட்டி. கடையில் சிவப்பும் பச்சையுமாக விற்கிறதே, அது பப்பாளிக்காய் என்று தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொல்லையில் தானாக முளைத்த பப்பாளியில் காய் இறக்கி, தோல் சீவி, பொடிப்பொடியாக வெட்டி, கண்ணாடி போல ஆகிறவரை வேகவைத்து வடித்து, சர்க்கரைப் பாகில் போட்டு ஒரு நாள் ஊறவிட வேண்டும். பாதிக்கு பீட்ரூட் சாறு, பாதி அப்படியே. விசிறிக்கடியில் காயவைத்து பாட்டிலில் போட்டால் தெரு மொத்தத்துக்கும் போதும். பதிலுக்கு எனக்கு வருகிற பிளம் கேக்கின் எடையைப் பார்த்தால் வருஷத்திலேயே லாபமான பண்டமாற்று இதுதான்.

கம்பெனியில் ஒன்றிரண்டு பேர் ஆர்டர் எடுக்கச் சொல்கிறார்கள். ஒருவர் பிறந்தநாள் கேக்குக்கு அட்வான்ஸே நீட்டினார். வீட்டில் செய்து விற்கிறவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும், அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் விற்க ஆரம்பித்தால் இலவச ரேஷன் கோதுமையைப் போட முடியாது, போடவும் கூடாது. ஓசி நெய்யும் போதாது. நாலரை மணிக்கு டப்பாவை நிரப்புகிற கை, வேறு வீட்டு டப்பாவுக்குப் போய்விடும். எங்கள் முனைக்கடை கணக்கு மறுபடி ஏறும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்வான்ஸ் நீட்டினவருக்கு அளவு எழுதின சீட்டைக் கொடுத்தேன், அவர் இன்னும் செய்துபார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்கிற ஜாதி இல்லை நான். பஃப்ஸ் ஒருபோதும் வேண்டாம். மாவுக்கும் மாவுக்கும் நடுவில் வெண்ணெய் உருகாமல் அடுக்கடுக்காக நிற்க வேண்டும், வேலூரில் மடித்து முடிப்பதற்குள் ஒழுகிவிடும். பேக்கரிக்காரர்கள் எளிதில் உருகாத மார்ஜரின் போட்டுச் சமாளிக்கிறார்கள். அதை வாங்கி வீட்டில் போடுவதற்குப் பதில் மாதம் ஒரு பஃப்ஸ் கடையிலேயே சாப்பிட்டுவிடலாம். பிரியாணிக்கு ஆம்பூர் இருக்கிறது. ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடாவை வீட்டில் செய்கிறேன் என்று கோவா, நெய், முந்திரி, திராட்சை, பாதாம் எல்லாம் வாங்கி மனைவி ஒரு பட்டியல் போட்டாள். கூட்டிப் பார்த்துவிட்டு நான் எதுவும் சொல்லவில்லை. ராணிப்பேட்டையிலிருந்து பாலத்தைத் தாண்டினால் ஆற்காடு, சம்பள நாளில் கால் கிலோ கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.